மனத்துக்கு மாதிரி தந்த அலன் டூரிங்

அல்கோரிதம் என்ற சொல் ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது என்பதை நாம் பல தடவை கேட்டிருக்கிறோம். ஒரு கணக்கைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, யார் செய்தாலும் ஒரே விடை வரும்படி எழுதி வைப்பதே அல்கோரிதம். கணக்கை மட்டுமல்ல, மனிதன் சிந்திக்கும் விதத்தையும் இப்படிப் படிபடியாக எழுத முடியுமா என்று கேட்டவர் அலன் டூரிங். இன்று உளவியல் ஆய்வாளர்கள் ஞாபகம், கற்றல், தீர்மானம் எடுத்தல் போன்றவற்றை விளக்கக் கணினி மாதிரிகளைப் பயன்படுத்துகிறார்கள். அந்த வழிக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் இவர். இவருடைய தாய் பிறந்தது தமிழ் மண்ணில் என்பது பலருக்குத் தெரியாது.

பிரிந்திருந்த பெற்றோர்

டூரிங்கின் தாயார் ஏதல் சாரா ஸ்டோனி 1881ஆம் ஆண்டு கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள போத்தனூரில் பிறந்தார். அவருடைய தந்தை எட்வர்ட் ஸ்டோனி சென்னை மாகாண ரயில் பாதைகளின் பிரதம பொறியியலாளர். போத்தனூர் ஒரு ரயில் சந்தி. 1874இல் ரயில் வந்த பின்னர் மலைநாட்டின் வாசலாக வளர்ந்த நாவலப்பிட்டியில் வாழும் எங்களுக்கு அப்படியோர் ஊரை மனத்தில் காண்பது கடினமல்ல. ஆங்கிலேய அதிகாரிகள் பலர் தம் பிள்ளைகளை இந்தியாவில் வைத்து வளர்க்க விரும்பாத காலம் அது. சாராவும் சிறு வயதிலேயே அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டு உறவினர் வீட்டில் வளர்ந்தார். பெரியவளான பிறகே நீலகிரி மலையில் குன்னூரில் இருந்த பெற்றோரிடம் திரும்பினார்.

1907இல் அவர் ஜூலியஸ் டூரிங்கை மணந்தார். ஜூலியஸ் சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த சிவில் சேவை அதிகாரி. மூத்த மகன் ஜோன் குன்னூரில் பிறந்தார். இளைய மகன் அலன் 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் திகதி லண்டனில் பிறந்தார். அலனுக்கு ஒன்றேகால் வயதானபோது, 1913 செப்டெம்பரில், தாய் கணவரிடம் இந்தியாவுக்குப் போய்விட்டார். சகோதரர் இருவரும் இங்கிலாந்தின் தென் கரையிலுள்ள சென்ட் லெனாட்ஸ் என்ற ஊரில், ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவரின் வீட்டில் விடப்பட்டனர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் தாய் சில ஆண்டுகள் பிள்ளைகளுடன் தங்கினார். பின்னர் மீண்டும் பிரிவு. தன்னைப் போலவே தன் பிள்ளையும் வளர வேண்டியிருப்பதை அந்தத் தாய் அறிந்தே போயிருப்பார்.

எங்கள் வகுப்பில் மத்திய கிழக்கில் உழைக்கும் தாய்மாரின் பிள்ளைகள் சிலர் இருக்கிறோம். எனக்கு நான்கு வயதிலிருந்து ஒன்பது வயதுவரை உம்மா சவூதியில் இருந்தார். உம்மும்மாதான் என்னை வளர்த்தார். டூரிங்கின் வாழ்க்கையில் இந்த இடத்தை வாசித்ததும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் இருந்தேன்.

நண்பனின் மரணம்

1926இல் அலன் ஷெர்போன் என்ற விடுதிப் பாடசாலையில் சேர்க்கப்பட்டார். முதல் தவணை தொடங்கும் நாளில் பிரித்தானியா முழுவதும் பொது வேலைநிறுத்தம். ரயில் ஓடவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவனான அவர் சவுத்ஹாம்டன் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தூரத்தைத் தனியாகச் சைக்கிளில் கடந்து, இடையில் ஒரு விடுதியில் இரவு தங்கி, பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் அந்தப் பாடசாலை இலத்தீன், கிரேக்க இலக்கியங்களையே உயர்வாக மதித்தது. அலனின் கையெழுத்து அலங்கோலமானது. தேர்ச்சி அறிக்கைகளில் கண்டனங்களே அதிகம். விஞ்ஞானத்தில் மட்டும்தான் ஆர்வமென்றால் இங்கே அவன் காலத்தை வீணாக்குகிறான் என்ற கருத்தில் அதிபர் பெற்றோருக்கு எழுதினார். வெளியே தெரிந்த கையெழுத்தை வைத்து உள்ளே இருந்த மூளையை அளந்தார்கள்.

அங்கே அவருக்குக் கிடைத்த உற்ற நண்பர் கிறிஸ்டோபர் மோர்கம். கணிதமும் வானியலும் இருவரையும் இணைத்தன. சிறு வயதில் குடித்த பாலிலிருந்து தொற்றிய காசநோயால் 1930 பெப்ரவரி 13ஆம் திகதி மோர்கம் இறந்துபோனார். டூரிங் உடைந்துபோனார். நண்பனின் தாயாருக்குத் தொடர்ந்து கடிதம் எழுதினார். உயிரும் உடலும் எப்படி இணைந்திருக்கின்றன, மரணத்தின் பின் மனம் என்ன ஆகிறது என்று சிந்தித்து அந்தத் தாய்க்கு ஒரு சிறு கட்டுரையும் எழுதிக் கொடுத்தார். பிற்காலத்தில் அவர் மத நம்பிக்கையிலிருந்து விலகிவிட்டார். ஆனால் மனம் என்றால் என்ன என்ற கேள்வி அவரை விட்டு விலகவில்லை.

தாளும் பென்சிலும் மனநிலையும்

1931இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்ற டூரிங், 1935இல் தனது 22 வயதில் அக்கல்லூரியின் ஆய்வாளராகத் தெரிவானார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய கட்டுரையே கணினி விஞ்ஞானத்தின் தொடக்கம் எனப்படுகிறது. அப்போது கம்பியூட்டர் என்ற ஆங்கிலச் சொல் இயந்திரத்தைக் குறிக்கவில்லை. தாளில் கணக்குப் போடும் ஊழியரையே குறித்தது. டூரிங் அந்த ஊழியரை உற்றுப் பார்த்தார். ஒரு கட்டத்தில் அவர் பார்ப்பது சில குறியீடுகளை மட்டும். அந்த நேரத்தில் அவர் மனம் ஒரு குறித்த நிலையில் இருக்கிறது. குறியீடும் மனநிலையும் சேர்ந்து, அடுத்து எதை எழுதுவது, எந்தப் பக்கம் நகர்வது, எந்த மனநிலைக்கு மாறுவது என்பதைத் தீர்மானிக்கின்றன. அவ்வளவுதான்.

கட்டங்கள் போட்ட ஒரு நீண்ட நாடா, அதை வாசித்து எழுதும் ஒரு தலை, எண்ணிவிடக்கூடிய சில நிலைகள் என்று இதை ஓர் இயந்திரமாக அவர் வரைந்தார். இதுவே டூரிங் இயந்திரம். எந்த டூரிங் இயந்திரத்தின் விதிகளையும் நாடாவில் எழுதிக் கொடுத்தால் அதைப்போலவே நடக்கும் பொது இயந்திரம் ஒன்றும் சாத்தியம் என்று நிறுவினார். இன்று நம் கையிலுள்ள தொலைபேசி வரை எல்லாம் அந்தக் கருத்தின் வாரிசுகள். ஆனால் கவனியுங்கள்: கணக்குப் போடும் ஒரு மனிதரின் மனத்துக்கு எழுதப்பட்ட மாதிரியாகவே அது தொடங்கியது.

சான்றுக்கு எடை

1939 செப்டெம்பரில் போர் தொடங்கியதும் டூரிங் பிளெட்ச்லி பார்க் என்ற இரகசிய நிலையத்துக்குச் சென்றார். ஜேர்மனியர் எனிக்மா என்ற இயந்திரத்தால் மறைகுறியாக்கி அனுப்பிய செய்திகளை உடைப்பதே பணி. போலந்துக் கணிதவியலாளர்கள் முன்னர் செய்திருந்த வேலையை அடிப்படையாகக் கொண்டு பொம்ப் என்ற இயந்திரத்தை வடிவமைத்தார். கோர்டன் வெல்ச்மன் அதை மேலும் சிறப்பித்தார். இப்படியான வேலை எமது நாட்டிலும் நடந்தது. கொழும்பில் அண்டர்சன் என்ற நிலையத்திலிருந்து பிரித்தானியர் ஜப்பானியச் செய்திகளை ஒட்டுக்கேட்டனர்.

ஜேர்மன் கடற்படையின் எனிக்மாவை உடைக்க டூரிங் உருவாக்கிய ஒரு முறைதான் பிற்காலத்தில் உளவியலோடு நேரடியாக இணைந்தது. இரண்டு செய்திகள் ஒரே அமைப்பில் அனுப்பப்பட்டவையா என்று அறிய, அவற்றைத் துளையிட்ட நீண்ட தாள்களில் பதித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பார்கள். எழுத்துகள் ஒத்துப்போகும் ஒவ்வோர் இடமும் ஒரு சிறு சான்று. அந்தத் தாள்கள் பான்பரி என்ற ஊரில் அச்சாகியதால் சான்றின் எடைக்குப் பான் என்றே பெயரிட்டார்கள். ஒரு கருதுகோளுக்குச் சாதகமாக 10க்கு 1 என்ற அளவு சான்று கிடைத்தால் அது ஒரு பான். தனித்தனியான இரண்டு சான்றுகள் அப்படிக் கிடைத்தால் 100க்கு 1. அது இரண்டு பான். பெருக்க வேண்டியதைக் கூட்டினால் போதும். பானின் பத்திலொரு பங்கு டெசிபான். மூன்று டெசிபான் ஏறத்தாழ 2க்கு 1. மனித உள்ளுணர்வு உணரக்கூடிய மிகச் சிறிய மாற்றம் ஏறத்தாழ ஒரு டெசிபான்தான் என்று டூரிங்குடன் பணியாற்றிய ஐ. ஜே. குட் பின்னாளில் எழுதினார். சான்றுகளைக் கூட்டிக்கொண்டே போய், ஒரு குறித்த எல்லையைத் தொட்டதும் முடிவு எடுப்பார்கள். தொடாவிட்டால் இன்னும் தேடுவார்கள்.

நாமும் இதைத்தான் செய்கிறோம். மழைக்கால மூடுபனியில் தூரத்தில் ஒருவர் வருகிறார். மாமாவா? நடை அவருடையதுபோல் இருக்கிறது. குடையும் கறுப்பு. இன்னும் கொஞ்சம் பார்ப்போம். தொப்பியும் தெரிந்துவிட்டது. இப்போது ஸலாம் சொல்லக் கையை உயர்த்துகிறோம்.

1978இல் உளவியலாளர் ரொஜர் ரட்க்லிஃப் இதே போன்ற ஒரு மாதிரியை மனிதத் தீர்மானத்துக்கு எழுதினார். டூரிங்கின் முறையையும் மூளை தீர்மானம் எடுக்கும் விதத்தையும் ஒப்பிட்டு 2002இல் ஜோசுவா கோல்ட், மைக்கல் ஷாட்லன் ஆகிய இருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டனர். இவர்களுடைய சோதனைகளுள் ஒன்று எளிமையானது. திரையில் பல புள்ளிகள் அசையும். சில ஒரே திசையில் போகும், மற்றவை தாறுமாறாக ஓடும். திசை இடமா வலமா என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு விடையும் எத்தனை மில்லி செக்கனில் வந்தது, எத்தனை பிழை என்று பதிவாகும்.

இந்த மாதிரியின் பயனை உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் கற்கும் எங்களுக்கு விளங்கிக்கொள்வது இலகு. ஒருவர் மெதுவாக விடை சொன்னால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். சான்று மெதுவாகச் சேரலாம். அல்லது சான்று வேகமாகவே சேர்ந்தும், அவர் எல்லையை உயரத்தில் வைத்து நிதானிக்கலாம். வெளியே இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வெறும் சொற்களால் வாதாடினால் முடிவு வராது. ஆனால் மாதிரி ஒவ்வொரு காரணத்துக்கும் வேறுவேறான நேரங்களையும் பிழைகளையும் எதிர்வுகூறும். அதைச் சோதனை முடிவோடு வைத்துப் பார்த்து எந்தக் கருதுகோள் பொருந்துகிறது, எது விழுகிறது என்று சொல்லலாம். முதியோர் மெதுவாக விடை சொல்வது மூளை மந்தமாவதால்தான் என்று பலர் எண்ணியிருந்தனர். ரட்க்லிஃபும் அவருடைய குழுவினரும் செய்த சில சோதனைகளில், சான்று சேரும் வேகம் இளையோரிடமிருந்து பெரிதாக வேறுபடவில்லை. முதியோர் எல்லையை உயர்த்தி வைத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தும் அசைவு போன்றவற்றுக்கான நேரமும் அவர்களுக்குக் கூடியிருந்தது. அதாவது, பிழை விடாமலிருக்க அவர்கள் கூடுதலாக நிதானித்தார்கள். இதை வாசித்த பிறகு உம்மும்மாவிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு அவசரப்படுத்துவதை நான் நிறுத்திவிட்டேன்.

குழந்தை இயந்திரம்

போர் முடிந்ததும் டூரிங் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் ஒரு கணினியை வடிவமைத்தார். 1948இல் அந்நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில், பிறந்த குழந்தையின் மூளை ஒழுங்குபடுத்தப்படாத ஓர் இயந்திரம் போன்றது, பயிற்சியால் அது ஒழுங்குபெறுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். எளிய அலகுகளை வலையாக இணைத்து அதற்குப் பயிற்சி கொடுப்பது பற்றியும் எழுதினார். நிறுவனத்தின் பணிப்பாளரோ அதைப் பள்ளிச் சிறுவனின் கட்டுரை எனத் தள்ளிவிட்டார். டூரிங் உயிரோடு இருந்தவரை அது அச்சேறவில்லை.

1948இல் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இணைந்தார். 1950இல் உளவியலுக்கும் மெய்யியலுக்குமான மைண்ட் என்ற சஞ்சிகையில் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது. இயந்திரம் சிந்திக்குமா என்பதைச் சொற்போராக நடத்தாமல் ஒரு சோதனையாக மாற்றினார். திரைக்குப் பின்னால் இருப்பது மனிதனா இயந்திரமா என்று எழுத்து மூலமான கேள்விகளால் மட்டும் கண்டறிய வேண்டும். வளர்ந்த மனிதரின் மூளையை நேரடியாகப் போலச் செய்வதைவிட, குழந்தையின் மூளையைப் போன்ற ஒன்றைச் செய்து அதற்குக் கற்பிப்பதே நல்லது என்றும் அதில் எழுதினார்.

கணினி வசதி போதாதபோது அவரே கணினியானார். சதுரங்கம் ஆடுவதற்கான விதிகளை நண்பர் ஒருவருடன் சேர்ந்து எழுதியிருந்தார். 1952இல் அந்த விதிகளைத் தாளில் வைத்து, ஒரு நகர்த்தலுக்கு ஏறத்தாழ அரைமணி நேரம் கணக்கிட்டு ஆடிப் பார்த்தார். தன் எண்ணத்துக்கு அல்ல, எழுதிய விதிக்கே கட்டுப்பட்டார். ஆட்டத்தில் விதிகள் தோற்றன. ஆனால் எங்கே தோற்றன என்பது தெளிவாகத் தெரிந்தது. அதே ஆண்டு, உயிரினங்களின் உடலில் வரிகளும் புள்ளிகளும் உருவாவதற்கு ஒரு கணித மாதிரியை வெளியிட்டார். மாதிரி என்பது எளிமைப்படுத்தப்பட்டது, ஆகவே அந்த அளவுக்கு உண்மைக்குப் புறம்பானது என்று தொடக்கத்திலேயே ஒத்துக்கொண்டார். தன் மாதிரியைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசியது அவருடைய பெருமை.

அவர் விதைத்தது விரைவில் முளைத்தது. 1956இல் அலன் நியூவெல், ஹேர்பர்ட் சைமன் ஆகியோர் தர்க்கத் தேற்றங்களை நிறுவும் செய்நிரலை உருவாக்கினர். பின்னர், புதிர்களை அவிழ்க்கும்போது மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லும்படி மனிதரிடம் கேட்டு, தங்கள் செய்நிரலும் அதே படிகளில் போகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தனர். 1975இல் அவர்கள் இருவருக்கும் டூரிங்கின் பெயரிலான விருது வழங்கப்பட்டது.

சோதிக்கப்படாத ஒரு வாக்கியம்

1950ஆம் ஆண்டுக் கட்டுரையை அகராதியின் துணையோடு முழுவதுமாக வாசித்தேன். ஓரிடத்தில் திகைத்துப்போனேன். மத அடிப்படையிலான மறுப்பு ஒன்றுக்குப் பதில் சொல்லும்போது, பெண்களுக்கு ஆன்மா இல்லை என்பது முஸ்லிம்களின் கருத்து என்று அவர் எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டுப் போகிறார். இது முற்றிலும் பிழை. அல்-குர்ஆனின் அல்-அஹ்ஸாப் அத்தியாயத்தின் 35ஆவது வசனம் ஆண்களையும் பெண்களையும் பத்துத் தடவை இணையாகக் குறிப்பிட்டு, இரு சாராருக்கும் ஒரே மன்னிப்பையும் மகத்தான கூலியையும் வாக்களிக்கிறது. நற்செயல் புரியும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சுவர்க்கம் உண்டென்று அந்-நிஸா அத்தியாயமும் கூறுகிறது. ஐரோப்பாவில் நெடுங்காலமாக உலவிய ஒரு வதந்தியை டூரிங் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். இயந்திரத்தைப் பற்றிய ஒவ்வொரு வாதத்தையும் நிறுத்துப் பார்த்தவர், எங்களைப் பற்றிய இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சோதிக்கவில்லை. ஒரு முஸ்லிம் பெண்ணிடம் கேட்டிருந்தால் போதும். அவருடைய பிழையைக் கண்டுபிடிக்க உதவுவதும் அவர் கற்றுத்தந்த முறைதான்: கேள்விப்பட்டதைச் சான்றாக எண்ணாதே.

இறுதி நாட்கள்

1951இல் டூரிங் ரோயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அடுத்த ஆண்டே, அன்றைய ஆங்கிலச் சட்டம் குற்றமெனக் கருதிய தனிப்பட்ட உறவு ஒன்றுக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். சிறைக்குப் பதிலாக உடலையும் மனத்தையும் பாதிக்கும் ஹோர்மோன் சிகிச்சை விதிக்கப்பட்டது. இரகசியப் பணிக்கான அனுமதியும் பறிபோனது. போரில் அவர் நாட்டுக்குச் செய்தது என்ன என்பதை வெளியே சொல்ல யாராலும் முடியவில்லை. 1954 ஜூன் 7ஆம் திகதி, 41 வயதில், வீட்டில் சயனைட் நஞ்சினால் இறந்தார். மரண விசாரணை அதைத் தற்கொலை என்றது. தாய் அதை ஏற்கவில்லை. வீட்டில் இரசாயனப் பரிசோதனை செய்யும் பழக்கமுள்ள மகன் கவனக்குறைவால் இறந்திருப்பான் என்றே கடைசிவரை நம்பினார்.

பிரித்தானியப் பிரதமர் 2009இல் மன்னிப்புக் கேட்டார். 2013இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021இல் 50 பவுண் நாணயத்தாளில் அவர் உருவம் வெளிவந்தது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னர், 1959இல், அந்தப் போத்தனூர்த் தாய் தனது 77 வயதில் மகனின் வாழ்க்கையை ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். போர்க்கால வேலை அப்போதும் இரகசியம். அதனால் மகனின் மிகப் பெரிய சாதனையை அவரால் எழுத முடியவில்லை. மகனின் கணிதமும் அவருக்கு முழுதாக விளங்கவில்லை. இருந்தும் தேர்ச்சி அறிக்கைகளையும் கடிதங்களையும் சேர்த்து, அறிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். ஒன்றேகால் வயதில் விட்டுப்போன பிள்ளையை அவர் தேடிக்கொண்டே இருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உள்ளங்களில் உள்ளதை முழுமையாக அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. நமக்குத் தெரிவது வெளியே காணும் செயல்கள் மட்டும். அந்தச் செயல்களிலிருந்து உள்ளே நடப்பதை ஊகிக்கும்போது, ஊகத்தைப் படிபடியாக எழுதிச் சோதித்துப் பார் என்பதே டூரிங் உளவியலுக்குத் தந்த பாடம். வகுப்பில் தாமதமாகக் கையை உயர்த்தும் பிள்ளையை மந்தம் என்றும், கையெழுத்து மோசமான பிள்ளையை உருப்படாதது என்றும், தூரத்தில் உழைக்கும் தாயைப் பாசமில்லாதவள் என்றும் நாம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்? அப்படிச் சொல்வதற்கு நம்மிடம் எத்தனை டெசிபான் சான்று இருந்தது? பெற்றோரும் சகோதரிகளும் அடுத்த தடவை இதை ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை.

க.பொ.த. உயர்தர மாணவி, கலைப்பிரிவு
நாவலப்பிட்டி